தியானமும் தராசும்

சென்ற மாதம் பத்மராவ் நகரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நம் சங்கத்தார் பதினைந்து பேர் கூடியிருந்தோம். விழாச் செலவுக் கணக்கு முடிந்தது, காப்பி வந்தது, பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் அவரவர் உடல்நிலையில் வந்து நின்றது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் கூடும் இடத்தில் பேச்சு வேறெங்கும் போய் நிற்பதில்லை என்பது வாசகர் அறிந்ததே.

அங்கிருந்த பெரியவர் ஒருவர், லாலாகுடா ரயில்வே பணிமனையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர், மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னார். மூன்று மாதமாகக் காலையும் மாலையும் இருபது நிமிஷம் தியானத்தில் அமர்கிறாராம். 164-க்கு 98 என்றிருந்த இரத்த அழுத்தம் 142-க்கு 86 ஆகிவிட்டதாம். “பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டேன். வருகிற மாதம் அந்தப் பாதியும் வேண்டியிராது” என்று முடித்தார்.

சங்கக் கணக்கை எழுதிக் கொண்டிருந்த அவருடைய மருமகள் தலை நிமிர்ந்தார். அவர் விவசாய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் புள்ளிவிவரப் பிரிவில் பணி புரிபவர். “எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள், மாமா?” என்று கேட்டார்.

“இதென்ன கேள்வி, அம்மா? அன்றைக்கு இருந்த என்னோடு இன்றைக்கு இருக்கும் என்னைத்தான்.”

“அன்றைக்கு இருந்த மாமா இரண்டு வேளையும் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டார், இன்றைக்கு இருக்கும் மாமா தொடுவதில்லை. அன்றைய மாமா காலையில் பத்திரிகையோடு சாய்ந்திருந்தார். இன்றைய மாமா ஸ்கந்தகிரிக் கோவில் வரை நடந்து வருகிறார். இவற்றில் எது பிரஷரைக் குறைத்தது?”

பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சிலர் அவர் பக்கம் பேசினர். சிலர் சிரித்து மழுப்பினர். நமக்கோ சிரிக்கவும் தோன்றவில்லை, பக்கம் சேரவும் தோன்றவில்லை. ஒரு மனிதர் மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா என்பது அந்தக் கேள்வியில் தொங்கிக் கொண்டிருந்தது. இக்கட்டுரை அன்றிரவு வீடு திரும்பும்போது நம் மனத்தில் உருவானது.

தியானம் இந்நகருக்குப் புதிதன்று. வனஸ்தலிபுரத்தை அடுத்து, நாகார்ஜுன சாகர் செல்லும் சாலையில் உள்ள ‘தம்ம கேத்த’ என்னும் விபாசனை நிலையம் 1976-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. கோயங்கா அவர்களின் வழியில் இந்தியாவில் எழுந்த முதல் நிலையங்களுள் அது ஒன்று. நகருக்குத் தெற்கே கான்ஹா சாந்தி வனத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய தியான மண்டபம் 2020 ஜனவரியில் திறக்கப்பட்டது. நம் குடும்பங்களிலேயே வெவ்வேறு வழிகளைப் பின்பற்றுவோர் உளர். எந்த வழி சிறந்தது என்பது நம் ஆராய்ச்சியன்று. ஒரு வழியால் ஒரு நன்மை விளைந்தது என்று சொல்லும்போது, அதை எப்படித் தெரிந்து கொள்வது என்பதே கேள்வி.

இக்கேள்வி மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்தது என்று எண்ண வேண்டுவதில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலை உபதேசிக்கிறார். மலையிலே புகை தெரிவதால் அங்கே நெருப்புண்டு என்று நிலைநாட்ட வேண்டுமானால், நெருப்பும் புகையும் சேர்ந்திருக்கும் அடுக்களையை உதாரணம் காட்டுவதோடு அமையாது. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். முன்னதைச் சாதன்மிய திட்டாந்தம் என்றும், பின்னதை வைதன்மிய திட்டாந்தம் என்றும் வழங்குவர். தியானம் செய்தேன், அழுத்தம் குறைந்தது என்பது அடுக்களையைக் காட்டுவது. தியானம் செய்யாதவருக்கு, மற்றெல்லாம் ஒத்திருந்தும், குறையவில்லை என்று காட்டுவதே மற்றொரு பாதி. மணிமேகலை நோன்பை மேற்கொள்ளும் காதை இதற்கு அடுத்தது என்பதையும் கவனிக்கலாம். அளவையை முதலில் கேட்டாள், பின்னரே நோற்றாள்.

இந்த மற்றொரு பாதியைச் செய்து காட்டும் தொழிலுக்கு ஐதராபாத் பேர் போன ஊர். தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனத்தை நம்மவர் பலர் பஸ்ஸில் கடந்து செல்கிறார்கள். அது நம் நாட்டிலிருந்தே இங்கு குடியேறியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1918-ல் நீலகிரிக் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய சிறு ஆராய்ச்சிப் பிரிவே அதன் மூலம். 1958-ல் அது ஐதராபாத்துக்கு வந்தது. நம்மைப் போலவே அதுவும் இடம் பெயர்ந்த குடும்பம்தான்! சேலத்தில் பிறந்த கோபாலன் அவர்கள் பல்லாண்டு அதன் தலைவராக இருந்தார்.

குன்னூரில் மக்காரிசன் செய்த ஒரு சோதனை பிரசித்தமானது. வயதும் எடையும் ஒத்த இளம் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு, ஒன்றுக்குப் பட்டாணியர் உணவு, ஒன்றுக்கு வங்காளியர் உணவு, ஒன்றுக்குச் சென்னை மாகாணத்தார் உணவு என்று கொடுத்து வளர்த்தார். கூண்டும் காற்றும் பராமரிப்பும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கியக் கூட்டம் முதலிடம் பெற்றது. நம் உணவு உண்ட கூட்டம் கடைசியில் நின்றது. தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்த காலத்துச் செய்தி இது. ஆகையால் மனம் வருந்த வேண்டாம். வேறுபாடு உணவு ஒன்றில் மட்டும் இருந்தமையால், விளைவின் வேறுபாட்டுக்கும் உணவே காரணம் என்று அவரால் துணிந்து சொல்ல முடிந்தது என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

எலிகளைக் கூண்டிலிட்டு ஒத்திருக்கச் செய்யலாம். நிலத்தையும் மனிதரையும் எப்படி ஒத்திருக்கச் செய்வது? பட்டான்செருவில் 1972-ல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் இதற்கு விடை காணலாம். அங்கே செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. ஒரே வயலில்கூட ஒரு மூலை ஈரம், ஒரு மூலை வறட்சி. நல்ல மூலையில் புதிய சோளத்தையும் மோசமான மூலையில் பழைய சோளத்தையும் விதைத்துவிட்டுப் புதியதே சிறந்தது என்று முடிவு கட்டினால், மண் வாங்கிய மதிப்பெண்ணை விதைக்குக் கொடுத்தவராவோம். ஆதலின் வயலைச் சிறு பாத்திகளாக்கி, எந்தப் பாத்தியில் எந்த விதை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்கள். யாருடைய விருப்பமும் அதில் நுழைவதில்லை. இங்கிலாந்தில் ரொனால்டு பிஷர் என்னும் கணித அறிஞர், ராதம்ஸ்டெட் பண்ணையில் வேலை பார்த்த நாட்களில் வகுத்த முறை இது. 1935-ல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் முதல் நூலாக மதிக்கப்படுகிறது.

பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்ற ஒரு சீமாட்டியின் கதையோடு அந்நூலின் வாதம் தொடங்குகிறது. நாம் அதைக் காப்பிக்கு மாற்றிக் கொள்வோம். சிக்கரி கலந்திருந்தால் ஒரு வாயிலே சொல்லிவிடுவேன் என்னும் மாமா எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. எட்டு டம்ளர் வையுங்கள். நான்கில் சிக்கரி, நான்கில் இல்லை. வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். நான்கு டம்ளரைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. ஒன்றும் தெரியாதவர் கண்ணை மூடிக் கொண்டு நான்கையும் சரியாகச் சுட்டுவதற்கு 70-ல் ஒரு பங்கே வாய்ப்பு. மாமா நான்கையும் சரியாகச் சொன்னால் அவர் நாக்குக்குத் தலை வணங்கலாம். காப்பியை ஆற்றிக் கொடுப்பவரும் எது எதுவென்று அறியாதிருத்தல் வேண்டும். இல்லையேல் அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

இனித் தியானத்துக்கு வருவோம். யோகியரை விஞ்ஞானக் கருவியின் முன் அமர்த்திப் பார்க்கும் முயற்சி நூறாண்டுப் பழமை உடையது. லோணாவ்லாவில் சுவாமி குவலயானந்தர் 1924-ல் கைவல்யதாமம் என்னும் ஸ்தாபனத்தை நிறுவி, பிராணாயாமத்தையும் ஆசனத்தையும் அளந்து, ‘யோக மீமாம்ஸா’ என்ற பத்திரிகையில் முடிவுகளை வெளியிட்டார். 1935-ல் தெரேஸ் புரோஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவ அம்மையார் ஈ.சி.ஜி. கருவியோடு இந்தியா வந்து, இருதயத்தை நிறுத்த வல்லவர் என்று சொல்லப்பட்டவர்களைச் சோதித்தார். ஒரு பதிவில் இருதயத்தின் குறி ஏறக்குறைய மறைந்து போனதாக எழுதினார். அதைப் படித்தவர்கள் யோகி இருதயத்தை நிறுத்திவிட்டார் என்றே உலகெங்கும் பேசினார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1957-ல், அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். தில்லியில் ஆனந்த் அவர்கள் உடன் சேர்ந்தார். 1961-ல் வெளிவந்த அவர்கள் முடிவு சுவையானது. யோகி மூச்சை அடக்கி, மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது மணிக்கட்டில் நாடி தென்படவில்லை. மார்பில் வைத்த குழாயில் தசைகளின் இரைச்சலே தவிர இருதய ஒலி கேட்கவில்லை. ஆனால் ஈ.சி.ஜி. தாளில் இருதயம் தன் வேலையை விடாது செய்து கொண்டிருந்தது! இறுக்கத்தால் இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, நாடி மெலிந்துவிட்டது, அவ்வளவே. யோகியும் பொய் சொல்லவில்லை, நாடி பிடித்தவரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் ஒன்றாக இருந்தபோது ஏற்பட்ட மயக்கம், இரண்டு மூன்றான போது தெளிந்தது.

அதே 1961-ல் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகிய மூவரும் வேறு இரு ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். ஒன்று இராமானந்த யோகியைப் பற்றியது. மண்ணில் குழி தோண்டி யோகியைப் புதைக்கும் காட்சிகளில், மண்ணின் வழியே காற்று கசிந்து வரும். எவ்வளவு வந்தது என்று யாரும் அறியார். ஆகவே இவர்கள் காற்றுப் புகாத பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குள் யோகியை இருக்கச் செய்து, உள்ளிருக்கும் காற்றை அவ்வப்போது எடுத்து அளந்தார்கள். உடல் முழு ஓய்வில் இருக்கும்போது வேண்டிய பிராணவாயுவிலும் குறைவாகவே அவர் செலவிட்டார் என்று கண்டார்கள். மற்றொன்றில், சமாதியில் அமர்ந்த யோகியர் நால்வரின் மூளை மின்னலைகளைப் பதிந்தார்கள். கண்ணில் பளிச்சென்று ஒளி காட்டினாலும், அருகே பெருஞ்சத்தம் எழுப்பினாலும், சூடான கண்ணாடிக் குழாயை உடலில் வைத்தாலும், தியான நிலையில் அவர்களுடைய ‘ஆல்பா’ அலைகள் கலையவில்லை. வேறு இருவர் நான்கு டிகிரிக் குளிர் நீரில் முக்கால் மணிக்கு மேல் கையை வைத்திருந்தும் அலைகள் மாறவில்லை.

1966-ல் ஜப்பானியர் கசமாத்சு, ஹிராய் இருவரும் ஜென் துறவிகளைச் சோதித்து, அங்கே நேர்மாறாக, ஒவ்வொரு சிற்றொலிக்கும் முதல் ஒலியைப் போலவே மூளை விழித்துக் கொள்கிறது என்றார்கள். யோகி உலகை மூடுகிறார், ஜென் துறவி உலகை ஒவ்வொரு கணமும் புதிதாய்க் காண்கிறார் என்று இரண்டையும் சேர்த்து எழுதாத நூலில்லை. கேட்பதற்கு எத்துணை அழகு! தத்துவத்துக்கும் பொருந்துகிறது. 1981-ல் அமெரிக்கர் பெக்கர், ஷபிரோ இருவரும் இதை முறையாகச் செய்து பார்த்தார்கள். ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம் என மூவகைப் பயிற்சியாளரோடு, தியானமே அறியாத இரண்டு கூட்டத்தாரையும் சேர்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒலியைக் கவனி என்றார்கள். மற்றொன்றுக்கு ஒலியைப் பொருட்படுத்தாதே என்றார்கள். ஐந்து கூட்டத்தாரின் மூளையும் ஒலிக்கு ஒரே விதமாகவே பழகிப் போயிற்று. முந்தைய அழகிய வேறுபாடு காணப்படவில்லை. முந்தையவர்கள் தவறினார்கள் என்றோ, அந்தப் பழைய யோகியர் அளவுக்கு இந்தப் பயிற்சியாளர் முதிரவில்லை என்றோ வாதிக்கலாம். எனினும் அந்த அழகிய வாக்கியத்தை நூல்களில் காணும்போது, நாம் இப்போது சற்று நிதானித்தே படிக்கிறோம்.

நம் பெரியவரின் கேள்விக்கு மிக அருகில் வருவது இங்கிலாந்தில் குடும்ப மருத்துவராக இருந்த சந்திரா படேல் அம்மையாரின் வேலை. 1973-ல் அவர் இரத்த அழுத்தமுள்ள இருபது பேருக்கு யோக முறைப்படி உடலையும் மனத்தையும் தளர்த்தும் பயிற்சி தந்தார். உடலின் நிலையை உடனுக்குடன் அவர்களுக்கே காட்டும் கருவியையும் துணை கொண்டார். ஐவர் மருந்தை அறவே விட்டனர். எழுவருக்கு மருந்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேல் வரை குறைந்தது. நால்வருக்கு மருந்து குறையாவிடினும் அழுத்தம் முன்னிலும் அடங்கியது. நால்வருக்கு ஒரு பயனும் இல்லை. பத்திரிகைகள் கொண்டாடியிருக்கக் கூடிய வெற்றி. அம்மையார் அதோடு நிற்கவில்லை. அதுவே அவர் பெருமை. “எதனோடு ஒப்பிட்டு?” என்று தம்மையே கேட்டுக் கொண்டார் போலும்.

1975-ல் நார்த் என்பவரோடு சேர்ந்து 34 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு ஆறு வாரம் பயிற்சி. மற்றக் கூட்டத்துக்கும் வெறும் கையோடு அனுப்பாமல், பொதுவாக இளைப்பாறும் ஏற்பாடு. பயிற்சி பெற்றவர்களின் அழுத்தம் 168-க்கு 100 என்பதிலிருந்து 141-க்கு 84 ஆயிற்று. பயிற்சி பெறாதவர்களுக்கு 169-க்கு 101 என்பது 160-க்கு 96 ஆயிற்று. இந்த இரண்டாவது எண்ணை வாசகர் மறுமுறை பார்க்க வேண்டுகிறோம். ஒரு பயிற்சியும் இல்லாமலே ஒன்பது புள்ளி இறங்கியிருக்கிறது! மருத்துவரின் அறைக்குப் பழகிப் போனதால், பரிவோடு ஒருவர் கவனிப்பதால், மிக உயர்ந்திருந்த நாளில் அளந்தது தானே சராசரிக்குத் திரும்புவதால், இப்படி இறங்கும். தியானத்துக்கு உரிய பங்கு 27 புள்ளி அன்று. 27-ல் இந்த ஒன்பதைக் கழித்த மிச்சமே. அந்த மிச்சமும் சிறிதன்று. பின்னர் இரண்டாம் கூட்டத்துக்கும் அதே பயிற்சியைக் கொடுத்தபோது, அவர்கள் அழுத்தமும் முதற் கூட்டத்தார் அளவுக்கு இறங்கியது. சோதனையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கடைசியில் நன்மை கிடைத்தது. அவர்களே இரண்டாவது சாட்சியும் ஆனார்கள்.

வெறுமனே இளைப்பாறுவதும் தியானமும் ஒன்றா என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தியானத்தின்போது பிராணவாயுச் செலவு பெரிதும் குறைகிறது என்று வாலஸ், பென்சன் முதலியோர் எழுதியது உலகப் புகழ் பெற்றது. 1984-ல் ஹோம்ஸ் என்னும் உளவியலறிஞர், தியானிப்போரையும் சும்மா அமர்ந்திருப்போரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, அந்நேரத்து உடல் அமைதியில் இருவருக்கும் நிலையான வேறுபாடில்லை என்றார். அவர் சொன்னது அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி. பல மாதப் பயிற்சியின் பயனைப் பற்றியன்று. இரண்டையும் கலந்து, தியானத்தால் ஒன்றுமில்லை என்று அவர் நிரூபித்ததாகச் சொல்வாரும் உளர். அது அவருக்கு நியாயம் செய்ததாகாது.

2014-ல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று 47 குலுக்கல் சோதனைகளை, ஏறத்தாழ 3,500 பேரின் விவரத்தை, ஒருங்கு சேர்த்தது. கவலை, சோர்வு, வலி இவற்றுக்கு மனக்கவனப் பயிற்சி நன்மை செய்கிறது என்பதற்கு நடுத்தரமான சான்று உண்டு என்று கண்டது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றை விட அது மேல் என்பதற்குச் சான்றில்லை என்றது. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய செய்தி நம் பெற்றோருக்கு வேண்டியது. இங்கிலாந்தில் 85 பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்; 2022-ல் முடிவு வந்தது. வகுப்பில் மனக்கவனப் பயிற்சி பெற்ற பிள்ளைகள், வழக்கமான பாடம் பெற்ற பிள்ளைகளை விட மனநலத்தில் மேம்படவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை என்பதும் தெரிய வந்தது. பிள்ளையை வற்புறுத்தி உட்கார வைக்கும் தாய்மார்கள் இதைக் கேட்டு நம்மீது கோபிக்க வேண்டாம்.

தியானத்தால் கெடுதலும் உண்டோ என்று கேட்கவே நாம் கூசுகிறோம். 2020-ல் 83 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நூற்றுக்கு எட்டுப் பேரளவில் கவலையோ சோர்வோ பிற தொல்லையோ ஏற்பட்டதாகக் கண்டனர். நீண்ட மௌன முகாமுக்குச் செல்பவர், முன்பு மனநோய்க்கு மருந்துண்டவராயின், போகுமுன் தம் வைத்தியரைக் கேட்டுப் போவதே முறை.

இத்தனையும் வெளியிலிருந்து அளப்பது. உள்ளிருந்து பழகுவோர் தியானத்தையே ஒரு சோதனை என்பார்கள். நீயே வந்து பார் என்பது பௌத்தரின் பழைய அழைப்பு. தம்ம கேத்தவில் பத்து நாள் இருந்து வந்த நண்பர் நமக்குச் சொன்னதும் அதுவே: அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், பேச்சில்லை, படிப்பில்லை, எழுத்தில்லை, முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனித்தல், பின்னர் உடலெங்கும் எழும் உணர்ச்சிகளைத் தொடாமல், துரத்தாமல் பார்த்திருத்தல். “முழங்கால் வலி எப்போது ஆரம்பித்தது, எப்போது போயிற்று என்பதை என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்டேன்” என்றார் அவர். இதுவும் அறிவே, ஆனால் அவருக்கு மட்டும் கிடைத்த அறிவு. அவர் அநுபவம் அவர் முழங்காலைப் பற்றிச் சாட்சி சொல்லும். அடுத்த வீட்டுக்காரரின் இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்லாது.

கோயங்கா அவர்களே சொன்ன ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. பர்மாவில் பெரும் வியாபாரியாக இருந்த அவர், 1955-ல் தீராத ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடி ஊ பா கின் அவர்களிடம் சென்றார். ஊ பா கின் பர்மிய அரசாங்கத்தின் தலைமைக் கணக்கதிகாரி. தியான ஆசானும் அவரே. தலைவலியைத் தீர்ப்பதற்காக மட்டும் வந்தாயானால் உன்னைச் சேர்த்துக் கொள்ள மாட்டேன், இவ்வித்தையை அவ்வளவு மலிவாக்காதே என்ற கருத்தில் அவர் மறுத்துவிட்டாராம். கணக்கதிகாரி அல்லவா, எந்தத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது! மருந்தின் கணக்கு வேறு, மனத்தின் கணக்கு வேறு என்று ஆசானே பிரித்து வைத்திருக்க, நாம் ஏன் மாத்திரைப் புட்டியையும் தியானப் பலகையையும் ஒரே வரியில் எழுத வேண்டும்?

பத்மராவ் நகர் வீட்டுக்குத் திரும்புவோம். கூட்டத்துக்கு மறுவாரம் பெரியவர் தம் வைத்தியரிடம் சென்றார். வைத்தியர் மாத்திரையை முழு அளவுக்குத் திருப்பினார். தியானத்தையும் நடையையும் விட வேண்டாம் என்றார். மாத்திரையைக் குறைப்பதானால் அளவுகளைப் பார்த்துத் தாமே குறைப்பதாகவும் சொன்னார். பெரியவருக்கு மனக்குறை தீரவில்லை. “அப்படியானால் என் தியானம் வீணா?” என்று மருமகளிடமே கேட்டார்.

மருமகள் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டினார். உப்புக் குறைத்தல், நடத்தல், தியானம் என்று மூன்று காரியம். ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. எல்லா வகையிலும் சேர்த்துப் பார்த்தால் எட்டு ஏற்பாடு வரும். ஆனால் மூன்றும் சேர்ந்த ஒன்று, ஒவ்வொன்று மட்டும் தனித்த மூன்று, ஆக நான்கே போதும். ஒன்றையொன்று தூண்டிவிடாத வரையில், ஒவ்வொன்றின் பலனையும் தனித்தனியே பிரித்துவிடலாம். இவ்வகைக் கட்டங்களுக்குப் பொது விதி கண்டவர் சி.ஆர். இராவ் அவர்கள். 1947-ல், தம் இருபத்தேழாம் வயதை ஒட்டி, அவர் எழுதிய கட்டுரை பிற்காலத்தில் தொழிற்சாலைகளுக்கும் பயன்பட்டது. நம் நகரத்து மத்தியப் பல்கலைக் கழக வளாகத்தில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 102 வயது வாழ்ந்து 2023-ல் மறைந்தார்.

“ஊறுகாய் சாப்பிடும் வாரத்துக்கு நான் இப்போதே தயார்” என்றார் பெரியவர். அதனாலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதோடு, ஒரு வாரத் தியானத்தின் பலன் அடுத்த வாரத்திலும் தங்குமாகையால், வாரந்தோறும் மாற்றினால் கணக்குக் குழம்பும் என்றும் மருமகள் சொன்னார். வேறொரு சிறு திட்டம் வகுத்தார்கள். காலைத் தியானம் வழக்கம் போல நடக்கும். மாத்திரையில் மாற்றமில்லை, உப்பிலும் மாற்றமில்லை. மாலையில் மட்டும், பெரியவர் தம் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால் இருபது நிமிஷம் தியானம். பூ விழுந்தால் அதே நாற்காலியில் இருபது நிமிஷம் வெறுமனே சாய்ந்திருத்தல். எது விழுந்தது என்பதைச் சீட்டில் எழுதித் தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். முன்னும் பின்னும் மருமகள் இரத்த அழுத்தத்தை அளந்து தம் நோட்டில் எழுதுவார். அன்றைக்குத் தலையா, பூவா என்று கேட்க மாட்டார். இப்படி முப்பது மாலை. இது அந்த இருபது நிமிஷத்துக்கு மட்டும் பதில் சொல்லுமே தவிர மூன்று மாதக் குறைவுக்குப் பதில் சொல்லாது என்பதையும் முதலிலேயே நோட்டின் முதற் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இதை எழுதும்போது பதினேழு மாலை முடிந்திருக்கிறது. நேற்று நாம் போயிருந்தபோது, இது வரையில் எப்படிப் போகிறது என்று சும்மா ஒரு பார்வை பார்க்கலாமே என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார். பாதியில் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று மருமகள் மறுத்தார். பெட்டியின் சாவி ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனிடம் இருக்கிறது. இரண்டு பேருக்குமே கொடுப்பதாயில்லை என்றான் அவன்.